வீக்கன் கேள்வியோட ஒரு ஆகஸ்ட் மாசம்

ஆகஸ்ட் 4, திங்கள்

நேஷனல் லா யுனிவர்சிட்டிகள்ல சேர எழுதுற கிளாட் எக்ஸாம் டிசம்பர்ல. அக்கா பொண்ணுக்கு லீகல், கரண்ட் அஃபேர்ஸ் எல்லாம் நல்லாவே ஓடுது, லாஜிக்கல் ரீசனிங்ல மட்டும் "கீழே உள்ளதில் எது உண்மையென்றால் ஆசிரியரின் வாதம் அதிகம் பலவீனமாகும்"ங்குற மாதிரி கேள்வி, அதாவது வீக்கன் கேள்வி, வந்தா பேனா அப்படியே நின்னுடுது. மொத்தம் 120 கேள்வி, 2 மணி நேரம், ஒரு தப்புக்கு 0.25 மார்க் போயிடும், அதுல லாஜிக்கல் மட்டும் 22ல இருந்து 26 வரைக்கும் வரும்ங்கிறதால இத ஒதுக்கி வச்சுட்டு திருச்சி நேஷனல் லா யுனிவர்சிட்டி சீட்டை நினைச்சுக்கூட பாக்க முடியாது. இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். ஆப்ஷன் பக்கம் போறதுக்கு முன்னாடி முடிவு எது, அதுக்குக் குடுத்த ஆதாரம் எதுன்னு கோடு போட்டுப் பிரிச்சிடு.

ஆகஸ்ட் 6, புதன்

நானே ஒரு சின்ன பாசேஜ் எழுதிக் குடுத்தேன். ஒரு ஊர் மெயின் ரோட்ல ஸ்பீடு கேமரா வச்சாங்க, அடுத்த ஆறு மாசத்துல விபத்து பாதியா குறைஞ்சுடுச்சு, அதனால கேமராதான் விபத்தைக் குறைச்சுதுன்னு ஆசிரியர் முடிக்கிறார். ஆப்ஷன் நாலு. கேமராவுக்கு செலவு அதிகம். கேமரா இருந்தும் சிலர் வேகமாதான் போறாங்க. கேமரா வச்ச அதே மாசம் பைபாஸ் திறந்து லாரியெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. மக்களுக்கு கேமரா பிடிக்கலை.

பாப்பா ரெண்டாவதை டிக் பண்ணிட்டா. "சிலர் கேக்கவே இல்லன்னா கேமரா வேலை செய்யலன்னுதானே அர்த்தம் மாமா?"ன்னா. எல்லாரும் மெதுவா போனாங்கன்னு ஆசிரியர் எங்கயுமே சொல்லலையேம்மா, சிலர் மாறாம இருந்தாலும் மிச்சப்பேர் மாறியிருந்தா விபத்து குறையத்தான் செய்யும்னேன். பைபாஸ் ஆப்ஷனை மறுபடி படிக்கச் சொன்னேன். விபத்து குறைஞ்சது உண்மை, கேமரா வச்சதும் உண்மை, ரெண்டையும் அது தொடவே இல்ல, ஆனா ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குத் தாவின தாவல் இருக்கு பாருங்க, அது ஆடிப்போயிடுது. நல்ல வீக்கன் விடை பெரும்பாலும் அங்கதான் கை வைக்கும். செலவு, பிடிக்கல எல்லாம் கேமரா வேணுமா வேண்டாமாங்குற வேற சண்டை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாம எழுதுற பாசேஜ் பத்தாது, நிஜமா நடந்த ஒண்ணு வேணும்னு பெர்க்லி கதையை எடுத்தேன். 1973ல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி, பெர்க்லியில மேல்படிப்புக்கு அப்ளை பண்ண ஆம்பளைங்கள்ல சுமார் 44 சதவீதம் பேருக்கு இடம், பொம்பளைங்கள்ல சுமார் 35 சதவீதம் பேருக்குத்தான். இவ்ளோ வித்தியாசத்தைப் பாத்தா அட்மிஷன் பண்றவங்க பொண்ணுங்களை ஒதுக்குறாங்கன்னு யாருக்குமே தோணும். பிக்கெல், ஹாமெல், ஓ'கானெல் மூணு பேரும் 1975ல சயன்ஸ் இதழ்ல எழுதின கட்டுரையில துறை துறையா பிரிச்சுப் பாத்தாங்க. பொண்ணுங்க அதிகமா அப்ளை பண்ணினது இடம் கிடைக்கிறதே கஷ்டமான துறைகளுக்கு. ஒவ்வொரு துறைக்குள்ளயும் பாத்தா பெரும்பாலும் அந்த வித்தியாசம் நிக்கவே இல்ல.

44ம் 35ம் அப்படியேதான் இருக்கு, யாரும் அழிக்கலை. பாப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "அப்ப அங்க பாகுபாடே இல்லயா?"ன்னு கேட்டா. இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. வாதம் பலவீனமாச்சுன்னா அதுக்கு எதிர்ப்பக்கம் நிரூபணமாச்சுன்னு ஆகாது. பொண்ணுங்க ஏன் அந்தத் துறைகளுக்கே போனாங்க, பள்ளிக்கூடத்துலயே யாரு எந்தப் பக்கம் தள்ளினாங்கங்குறது தனியா கேக்க வேண்டிய கேள்வி, அது இன்னும் பெரிய கேள்வி.

ஆகஸ்ட் 13, புதன்

நேரம் இல்ல, ஆபீஸ்ல லேட். போன்லயே சொன்னது: பாசேஜ்லேருந்து என்ன முடிவுக்கு வரலாம்னு கேக்குற இன்ஃபரன்ஸ் கேள்வியில "எல்லாரும்", "எப்பவுமே"ன்னு அழுத்தமா வர்ற ஆப்ஷனை சந்தேகப்படுறோம், வீக்கன்ல அந்தப் பயம் தேவையில்ல, ஆப்ஷனை உண்மைன்னு எடுத்துக்கன்னு கேள்வியே சொல்லிடுது. "சில", "ஒருவேளை"ன்னு வர்றதுதான் இங்க பெரும்பாலும் சப்புன்னு போகும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்னைக்கு ஹார்மோன் மாத்திரை விஷயம். மாதவிடாய் நின்னவங்கள்ல ஹார்மோன் எடுத்தவங்களுக்கு இதய நோய் குறைவா இருக்குன்னு பல ஆய்வுகள்ல தெரிஞ்சுது, அதனால ஹார்மோன் இதயத்தைக் காக்குதுன்னு டாக்டர்களே நம்பி எழுதிக்குடுத்தாங்க. பாப்பாகிட்ட இதுவரைக்கும் மட்டும் சொல்லிட்டு வீக்கன் பண்ணுன்னேன். பட்டுன்னு, "காசு இருக்குறவங்க, உடம்பைப் பாத்துக்குறவங்கதானே அந்த மாத்திரை வாங்கியிருப்பாங்க, அவங்களுக்கு எப்படியும் இதயம் நல்லாதானே இருக்கும்"னா! எனக்கு அவ்ளோ சந்தோஷம். அமெரிக்காவுல விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்ல ரெண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரையை குலுக்கல் முறையில பிரிச்சுக் குடுத்துப் பாத்தப்ப இதய நோய் குறையல, கொஞ்சம் கூடவே செஞ்சுது, 2002ல அந்தப் பரிசோதனையைப் பாதியிலயே நிறுத்திட்டாங்க. இது மார்க் விஷயம் மட்டும் இல்ல, எத்தனை லட்சம் பேர் முழுங்கின மாத்திரை. பதினேழு வயசுல இதக் கேக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க கோர்ட்டுக்குப் போகணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும், எல்லா இடத்துக்கும் போகணும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆசிரியர் வெளிய சொல்லாம எதை நம்பி வாதத்தைக் கட்டியிருக்கார்னு கேக்குற அசம்ப்ஷன் கேள்வி ஆரம்பிச்சாச்சு. ஆப்ஷனை எதிர்மறையா மாத்திப் படி, வாதம் விழுந்துச்சுன்னா அதுதான் விடைன்னு சொன்னேன். "அப்ப மாத்திப் படிச்சது வீக்கன் ஆப்ஷன்தானே மாமா"ன்னா. ஆமாம்மா, அதேதான்.