குரல் உயர்த்தும் பிட்யூட்டரி

ரத்தப் பரிசோதனைத் தாளில் டிஎஸ்ஹெச் 11 என்று இருந்தது. பக்கத்திலேயே மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. சரி, தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். விஷயம் நேர் எதிர்.

டிஎஸ்ஹெச்சைச் சுரப்பது தைராய்டே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் ஆணை அது: "தைராக்சின் போதவில்லை, இன்னும் சுர." கழுத்தில் இருக்கும் தைராய்டு, தைராக்சின் என்ற ஹார்மோனைச் சுரக்காமல் சோம்பிக் கிடந்தால் பிட்யூட்டரி குரலை உயர்த்திக்கொண்டே போகும். தேவையான அளவு ரத்தத்தில் வந்ததும் தானாக அடங்கிவிடும். என் 11 அந்தக் கத்தலின் அளவு. ஆறு மாதமாகத் தாங்க முடியாத குளிர், மலச்சிக்கல், மதியம் ஆனால் தூக்கம். எல்லாம் வயசுக் கோளாறு என்று நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்!

தைராக்சின் மாத்திரை தொடங்கிய பத்தாம் நாளே மறுபடி ரத்தம் கொடுக்கப் போய் நின்றேன். மருத்துவர் சிரித்துவிட்டார். உடலில் இருக்கும் தைராக்சினில் பாதி குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகுமாம். அளவு நிலைப்பட்டு, பிட்யூட்டரியும் அதை நம்பி அமைதியாக 6 வாரமாவது வேண்டும். அட்ரினலின் வேறு ரகம். நாய் துரத்தினால் நொடியில் பாய்ந்து வரும், சில நிமிடத்தில் காணாமல் போகும். அந்த வேகத்தை இதனிடம் எதிர்பார்த்தது என் தப்பு.

இப்போது காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அப்புறம் அரை மணி நேரம் கடிகாரத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன வாரத் தாளில் டிஎஸ்ஹெச் 3.2. கத்தல் அடங்கிவிட்டது.