விடியத் தும்மலும் தோல் பரிசோதனையும்

விடிய எழும்பினதும் அடுக்கடுக்காகத் தும்மல், கண்கடி, மூக்கால் தண்ணியாய் ஓடுதல். பத்து மணியானால் எல்லாம் அடங்கிவிடும். காய்ச்சல் இல்லை, உடம்பு உளைவும் இல்லை. மாதக்கணக்கில் இப்படியே இழுபட்டால் அது தடிமன் அல்ல என்று வெள்ளவத்தையில் எங்கள் குடும்ப டொக்டர் உறுதியாகச் சொன்னார். வைரஸால் வரும் தடிமன் ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாளில் பெரும்பாலும் விட்டுவிடும். காது, மூக்கு, தொண்டை நிபுணர் ஒருவரைச் சனல் பண்ணிப் பார்க்கச் சொல்லித் துண்டு தந்தார்.

நிபுணர் மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்ததைவிடக் கேள்வி கேட்டதுதான் கூட. "எந்த நேரம் கூட வருது, பிள்ளை? கந்தோரிலயும் வருதா? ஊருக்குப் போனால் எப்படி? இழுப்பு ஏதும் இருக்கா? வீட்டில யாருக்கும் ஆஸ்மா?" நான் போனில் குறித்து வைத்திருந்தது இங்கே கைகொடுத்தது: படுக்கை விரிப்பை உதறினால் கூடுகிறது, யாழ்ப்பாணத்தில் நின்றபோது குறைந்தது. டொக்டரிடம் போகமுன் நேரத்தையும் இடத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். நோயை ஊகிக்க அவருக்கு அதுதான் பிடி.

மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்து பாவிக்கிறேனா என்றும் கேட்டார். சைலோமெட்டசோலின் போன்றவற்றை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து விட்டால், மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கிவிடுமாம். பாமசியில் கேட்டதும் கிடைக்கிற மருந்து என்பதால் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

எதனால் ஒவ்வாமை வருகிறது என்று கண்டுபிடிக்கும் தோல் பரிசோதனைக்குத் திகதி எடுத்தபோது, செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளை ஒரு கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள். அவை உடம்பில் இருந்தால் தோல் ஒன்றும் காட்டாது. அன்றைக்கு மிஸ் என் முன்னங்கையில் பேனையால் இலக்கமிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒவ்வாமை தரக்கூடிய ஒவ்வொரு பொருளின் சாற்றில் ஒரு துளி வைத்து, சின்ன ஊசி முனையால் துளிக்கூடாகத் தோலை மெல்லக் குத்தினார். இரத்தம் வரவில்லை, நுளம்புக்கடி அளவு நோவுதான். ஒரு துளி வெறும் உப்பு நீர், இன்னொன்று ஒவ்வாமையின்போது உடம்பே சுரக்கும் ஹிஸ்டமின். மற்றவற்றை ஒப்பிடத்தான் இவை இரண்டும். பதினைந்து நிமிடம் கையை அசைக்காமல், சொறியாமல் இருப்பதுதான் உண்மையான சோதனை. தூசிப்பூச்சி என்று குறித்த இடம் மெல்லச் சிவந்து வீங்கி வந்தது. அடிமட்டத்தால் அளந்தார். உப்பு நீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீற்றராவது பெரிதாகத் தடித்தால் அதைக் கணக்கில் எடுப்பார்கள். கரப்பானுக்கும் பூஞ்சணத்துக்கும் ஒன்றும் வரவில்லை.

தூசிப்பூச்சி கடிப்பதில்லை, கண்ணுக்கும் தெரியாது. மெத்தையிலும் தலையணையிலும் இருந்துகொண்டு, நம் உடம்பில் இருந்து உதிரும் தோலைத் தின்னும். அதன் கழிவு மூக்கில் பட, அங்கே ஹிஸ்டமின் சுரந்து நரம்பைத் தூண்டுகிறது. மூளைத்தண்டு தும்மலை ஏவுகிறது. கொழும்பின் ஈரக்காற்று இந்தப் பூச்சிக்குச் சொர்க்கம். அம்மாவின் இலவம்பஞ்சுத் தலையணைகளை மாற்ற அவ சம்மதிக்கவே பெரும்பாடு பட்டேன். இப்போது மெத்தைக்கும் தலையணைக்கும் சிப் வைத்த உறை, விரிப்புகளுக்குக் கிழமைக்கொருமுறை 60 பாகை வெந்நீர். மூக்கில் அடிக்கும் ஸ்டீரொயிட் ஸ்பிரேயும் தந்தார்கள். குனிந்து, நுனியை நடுச்சுவர்ப் பக்கம் திருப்பாமல் காதுப்பக்கம் சரித்து அடிக்கவேண்டும். முழுப்பலன் தெரிய இரண்டு கிழமை வரை ஆகலாம். இரண்டாம் நாளே கைவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் கேட்பதில்லை.

எல்லாத் தும்மலுக்கும் டொக்டர் தேவையில்லை. வெயிலைப் பார்த்ததும் தும்முகிறவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள். அது பரம்பரை இயல்பு. ஆனால் நித்திரையோ வேலையோ கெடும் அளவுக்கு நீடித்தால், இழுப்பு வந்தால், மணம் தெரியாமல் போனால், முகநோவோடு காய்ச்சல் வந்தால், அடிக்கடி இரத்தம் கலந்து வந்தால் தள்ளிப்போட வேண்டாம். சின்னப்பிள்ளைக்கு ஒரு மூக்கால் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், மணியோ விதையோ உள்ளே போயிருக்கலாம். தலையில் அடிபட்ட பிறகு ஒரு பக்கத்தால் மட்டும் தெளிந்த நீர் வடிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தும்மலோடு முகம், நாக்கு வீங்கி மூச்சு முட்டினால் நேரே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், அது இலவசம்.