யாழ்ப்பாணத்திலிருந்து தரமணிக்கு

கோட்பாட்டுப் பௌதிகவியலுக்குத் தாளும் பேனையும் போதும் என்று ஊரில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. நான் எழுதும் சமன்பாட்டை மறித்து, "இந்த வரி எப்படி வந்தது?" என்று கேட்க ஆள் வேண்டும். அந்த ஆட்களுக்காகத்தான் சென்னைக்கு வந்தேன்.

மொழி ஒன்றுதானே, உனக்கென்ன கஷ்டம் என்பார்கள். கடவுச்சீட்டு வேறு. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், பேச்சைக் கேட்டதும் "சிலோனா?" என்பார்கள், அப்புறம் வீடு யாருக்கோ பேசி முடித்தாயிற்று என்று பதில் வரும். அது மனதை மிகவும் வருத்தியது. கடைசியில் திருவான்மியூரில் ஓர் அம்மா மாடியைக் கொடுத்தார். "தண்ணி லாரி வர்ற அன்னைக்கு மோட்டார் மட்டும் போட்டுடுங்க தம்பி" என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை.

என்ன வேலை என்று கேட்டார். காந்தம் என்றேன். "ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுறதா?" என்றார். அதுவும்தான். இரும்பில் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம் போன்றது, அதைச் சுழல் (spin) என்போம். இந்தச் சுழல்கள் எல்லாம் ஒரே திசையில் அணிவகுக்கின்றன. 770 பாகை செல்சியசுக்கு மேல் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். நான் பார்ப்பது ஒழுங்குக்கு வரவே தயங்கும் காந்தங்களை. முக்கோணத்தின் மூன்று மூலைகளிலும் ஒவ்வொரு சுழல். ஒவ்வொன்றும் அடுத்ததற்கு எதிராக நிற்கப் பார்க்கிறது. இரண்டு எதிரெதிராக நின்றுவிட்டால், மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றோடு ஒத்துப்போகாது. வெப்பத்தை எவ்வளவு குறைத்தாலும் இந்தச் சிக்கல் தீராது. இங்கேதான் குவாண்டம் விதிகள் தங்கள் முழு அழகையும் காட்டுகின்றன.

இந்தத் துறையில் நம் பக்கத்து ஆட்களின் பங்கு பெரிது. 1969இல் மஜும்தாரும் கோஷும், அடுத்த அயலோடு மட்டுமல்லாமல் அதற்கடுத்த அயலோடும் பாதி வலிமையில் பிணைந்த சுழல் சங்கிலியின் மிகக் குறைந்த ஆற்றல் நிலையைத் துல்லியமாகக் கண்டார்கள். ரஷ்யப் பௌதிகவியலாளர் கிட்டாயேவ் 2006இல், சுழல்கள் தேன்கூட்டு வடிவில் அமைந்த ஒரு கணித மாதிரியைத் தந்தார். மறு வருடமே தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் பாஸ்கரன், மண்டல், சங்கர் மூவரும், அதில் அடுத்த அயலைத் தாண்டினால் சுழல்களுக்கிடையே தொடர்பே இல்லை என்று நிறுவினார்கள். நான் ஊரில் இருந்தபோது திரும்பத் திரும்ப வாசித்த கட்டுரை அது. அது பிறந்த ஊரிலேயே இன்று அதைப் பற்றிக் கதைக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

ஆல்ஃபா ருத்தேனியம் குளோரைடு இந்த மாதிரிக்கு நெருங்கி வரும் பொருள். ஆனால் சுமார் 7 கெல்வினில், அதாவது மைனஸ் 266 பாகை செல்சியசில், அதுவும் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. கிட்டாயேவ் மாதிரியில் இல்லாத வேறு பிணைப்புகள் அதற்குள் இருப்பதே காரணம். அவற்றைக் கணக்கில் கொண்டுவருவதுதான் இப்போது என் வேலை.

மாலையில் அம்மா இடியாப்பம் தருவார். சொதி நான் வைப்பேன், அவருக்கும் பிடித்துப்போயிற்று. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அங்குள்ள மாணவர்களுக்கு மஜும்தார்–கோஷ் சங்கிலியைப் பலகையில் போட்டுக்காட்ட வேண்டும். இரண்டாம் வருடக் குவாண்டம் தெரிந்தால் போதும், ஒரு பிற்பகலில் விளங்கிவிடும்.