மீன்வல்லம் மாதிரி நம்ம ஊரும்

நேத்து எங்க கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கிராம சபையில் சோலார் பேச்சு வந்தது. மெம்பரும் சுற்றுச்சூழல்காரங்களும் ஒரே பக்கம் நின்னு பேசினாங்க. மனசு நிறைஞ்சு போச்சு.

"கேரளத்துல நிலக்கரி மின்நிலையமே இல்லையே, நமக்கென்ன?"ன்னு பின்னால இருந்து ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா வெளியிலிருந்து வாங்குற கரண்டுல நிலக்கரிக் கரண்டும் இருக்கு. சாம்பல் நம்ம கூரையில படியலை, வேற யாரோ வீட்டுக் கூரையில படியுது. அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வரலை.

நம்ம பாலக்காடு மாவட்டப் பஞ்சாயத்தே மீன்வல்லத்துல 3 மெகாவாட் நீர்மின் நிலையம் கட்டி, 2014-லிருந்து ஓட்டுது. அருவித் தண்ணியைக் குழாயில இறக்கி, டர்பைனைச் சுத்தவிட்டு, திரும்ப ஆத்துக்கே விடுறாங்க. எந்தக் கட்சின்னாலும் அந்த முடிவு எடுத்தவங்களுக்கு ஒரு கும்பிடு. வாளையார் தாண்டி, மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-லயே 350 கிலோவாட் காற்றாலை வாங்கிடுச்சு.

ஆடிக் காத்துல எங்க பனையெல்லாம் தலைவிரிச்சு ஆடும். மாசி, பங்குனி வெயிலைச் சொல்லவே வேண்டாம். முதல்ல பள்ளிக்கூடக் கூரையில பேனல் போடணும். அடுத்த கிராம சபைக்கு வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டு வாங்க.