ஜெயித்த பணத்தில் ஷாப்பிங் பண்ணச் சொன்ன காலம்

1975 ஜனவரி 6 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்', சக்கரம் சுழற்றி, மறைந்திருக்கும் சொற்களை எழுத்து எழுத்தாக ஊகிக்கும் புதிர்ப் போட்டி. அந்தக் காலத்தில் அதில் ஜெயித்த பணம் ரொக்கமாகக் கைக்கு வராது. மேடையிலேயே விலைச்சீட்டு ஒட்டிய பொருட்களில் செலவழித்தாக வேண்டும்.

உதாரணமாக, ஒரு சுற்றில் 1,450 டாலர் ஜெயித்தவர் 1,000 டாலருக்கு சோஃபாவும் 300 டாலருக்கு விளக்கும் எடுத்தால் மீதி 150. அதைப் பரிசுக்கூப்பனாக வாங்கிக்கொள்ளலாம், அது பத்திரம். 'ஆன் அக்கவுண்ட்' என்று அடுத்த சுற்றுக்கும் தள்ளலாம். ஆனால் அடுத்து சக்கரம் பணத்தைப் பறிக்கும் 'பேங்க்ரப்ட்' (திவால்) கட்டத்தில் நின்றால் அதுவும் போச்சு. இன்னொரு சுற்றை ஜெயிக்காவிட்டாலும் செலவழிக்க வழியில்லை. இத்தனை ஆபத்துக்கு இந்த 150 தேறாது என்பது என் கணக்கு.

ஷாப்பிங் நேரத்தில் திரை முழுக்கப் பரிசுப்பொருட்கள் ஓடும். மூலையில் ஒரு வட்டத்துக்குள் போட்டியாளரின் தலை மட்டும் மிதந்துகொண்டு விலை சொல்லும். இன்று பார்த்தால் சிரிப்பு வரும். மிச்சக் காசுக்குப் பலர் தலையில் விழுந்தது பீங்கான் டால்மேஷன் நாய்!

இப்படிப் பொருள் பொருளாகத் தேர்வதில் ஆட்ட நேரம் கரைந்தது. 1987இல் இரவுப் பதிப்பு ரொக்கத்துக்கு மாறியது, பகல் பதிப்பு 1989இல்.

எழுத்துப் பலகையும் அன்று கணினி கிடையாது. ஒவ்வொரு கட்டமும் சுழலும் முப்பட்டைத் துண்டு. விளக்கு எரிந்ததும் கையால் திருப்ப வேண்டும். அடுத்த புதிருக்கு எழுத்துகளை மாற்றிச் செருகும்வரை படப்பிடிப்பு நிற்கும். டிவி திரைகள் வந்தது 1997இல்தான்.