இரண்டு தவணையை ஒத்திவைத்த கதை

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, திருப்பூரில் நான்கு பவர் டேபிள்களை (மின் தையல் இயந்திரங்கள்) வைத்து, பிற நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்த எனக்கு வருமானம் அன்றோடு நின்றது. வீட்டுக் கடனில் ஏறத்தாழ எட்டு லட்சம் அசலும், மாதம் 10,150 ரூபாய் வீதம் 120 தவணைகளும் மீதியிருந்தன. வட்டி 9 சதவீதம். மார்ச் 1 முதல் மே 31 வரையிலான தவணைகளை ஒத்திவைக்க வங்கிகளுக்கு அனுமதி அளிப்பதாக 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கி அறிவித்ததும், மறுநாளே மின்னஞ்சலில் விண்ணப்பித்தேன். பதில் வரவில்லை, ஏப்ரல் 7 அன்று கணக்கிலிருந்து தவணைப் பணம் வழக்கம்போல் பிடிக்கப்பட்டது.

மறுநாள் பாஸ்புக்கையும் விண்ணப்ப நகலையும் எடுத்துக்கொண்டு கிளைக்குச் சென்றேன். காலை 10 முதல் பிற்பகல் 2 வரைதான் வேலை. ஐந்து பேருக்கு மேல் உள்ளே விடவில்லை. வெளியே சுண்ணாம்பு வட்டங்களில் நின்றவர்களில் பெரும்பாலோர் ஜன்தன் கணக்கில் மத்திய அரசின் உதவியாக வந்த 500 ரூபாயை எடுக்க வந்த பெண்கள். கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 6 அல்லது 7 உள்ளவர்களுக்கு உரிய நாள் அது. 9-இல் முடியும் கணக்கு வைத்திருந்த ஒரு பாட்டி, நடந்தே வந்தும் திருப்பி அனுப்பப்பட்டார். கூட்டத்தைக் குறைக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை அவருக்கு முன்கூட்டியே யாரும் சொல்லியிருக்கவில்லை.

கடன் பிரிவு அலுவலர், பிடித்த தொகையைத் திருப்பித் தருவதற்கு எழுத்துப்பூர்வக் கோரிக்கையை வாங்கிக்கொண்டு, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒத்திவைப்பு என்பது தள்ளுபடி அல்ல; ஏப்ரல், மே ஆகிய இரண்டு மாத வட்டியான சுமார் 12,000 ரூபாய் அசலோடு சேர்ந்துவிடும்; 120 தவணைகள் 123 ஆகும். ஏறத்தாழ 30,000 ரூபாய் கூடுதல் செலவு என்று தெரிந்தே கையெழுத்திட்டேன், ஏனெனில் அப்போது வீட்டுச் செலவுக்கு வேறு பணம் இல்லை. பத்து நாளில் தொகை திரும்பி வந்தது.

மே 22 அன்று சலுகை ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டபோது, ஓரளவு வேலை வரத் தொடங்கியிருந்ததால் நான் அதைக் கேட்கவில்லை. பின்னர் வட்டிக்கு வட்டி பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கையில், இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அந்த ஆறு மாதக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மத்திய அரசே ஏற்றது. ஒத்திவைக்காதவர்களுக்கும் அது கிடைத்தது. நவம்பரில் என் கடன் கணக்கில் வரவானது 700 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.