நியூசிலாந்துக்குப் போகுமுன்: டயர் அளவும் பனிச்சங்கிலியும்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நியூசிலாந்தின் தென்தீவில் குளிர்காலம். கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு போய், அங்கே வாடகைக் காடி எடுத்து ஓட்டுபவர்கள் நிறைய. அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், கெந்திங் மலை ஏறிய கைக்கு வளைவுகளும் புதிதில்லை. பனிதான் புதிது. தே ஆனாவிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் போகும் 94ஆம் நெடுஞ்சாலையில் குளிர்காலத்தில், அறிவிப்புப் பலகை சொல்லும்போது, பனிச்சங்கிலி (பனியில் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி) காடியில் இல்லாமல் போகக்கூடாது. குவீன்ஸ்டவுன்-வனாகா கிரவுன் ரேஞ்ச் சாலையோ 1,076 மீட்டர் உயரம் தொடுகிறது.

பெரும்பாலான தவறு சங்கிலியை மாட்டும்போது நடப்பதில்லை, அளவு கேட்கும்போதே நடந்துவிடுகிறது. “எத்தனை இஞ்ச் ரிம்?” என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி வாங்கினால் போச்சு. எடுத்துக்காட்டுக்கு, கீழே கார் பார்க்கில் நிற்கும் உங்கள் காடியின் டயர் சுவரைப் பாருங்கள். மைவி 1.5 என்றால் 185/55 R15 என்றிருக்கும். 185 மில்லிமீட்டர் டயரின் அகலம். அதில் 55 விழுக்காடு சுவரின் உயரம். 15 அங்குலம் ரிம்மின் விட்டம். மூன்றும் பொருந்த வேண்டும். 205/55 R16 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 632 மி.மீ. 215/65 R16 டயருக்கோ 686. ரிம் ஒன்றுதான், ஆனால் சுற்றளவில் 17 சென்டிமீட்டர் வித்தியாசம். முதலாவதற்கான சங்கிலி இரண்டாவதில் பூட்டவே பூட்டாது. மாறிப் போட்டால் தொளதொளவென்று தொங்கும். டேப் வைத்து அளக்க வேண்டாம், தேய்ந்த டயர் பொய் அளவு காட்டும். கதவோரத்து ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம், அது தொழிற்சாலை போட்ட டயரின் அளவு. இப்போது மாட்டியிருக்கும் டயரில் உள்ள எண்தான் கணக்கு.

வாடகை நிறுவனம் பதிவு செய்த மாடலுக்குப் பதில் வேறு ஒன்றைத் தருவது சகஜம். சாவி வாங்கியதும் டயர் எண்ணையும் சங்கிலிப் பெட்டியில் உள்ள பட்டியலையும் ஒப்பிடுங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, டயருக்குப் பின்னால் உள்ள இடைவெளியையும் பாருங்கள். விரல் நுழையாத இடத்தில் 12 மி.மீ. தடிமனுள்ள சங்கிலி ஓடாது, 9 மி.மீ. கேளுங்கள். காடியின் கையேடு சங்கிலியே கூடாது என்றால் அந்தக் காடி மலைக்கு வேண்டாம்.

எஞ்சின் எந்தச் சக்கரத்தை இழுக்கிறதோ அதில்தான் சங்கிலி. சிறிய காடிகளில் பெரும்பாலும் முன்சக்கரம். நான்கு சக்கரமும் இழுக்கும் காடிக்குக் கையேடு சொல்வதே சட்டம்.

மாட்ட, சமதளத்தில் நிறுத்துங்கள், வளைவில் கூடவே கூடாது. கியர் பி-யில், ஹேண்ட் பிரேக் மேலே. சங்கிலியைத் தரையில் விரித்து முறுக்கு எடுங்கள். கொக்கிகளின் திறந்த வாய் டயருக்கு எதிர்ப்பக்கம், வெளியே பார்த்திருக்க வேண்டும். உள்ளே பார்த்தால் சுவரைக் கிழிக்கும். சங்கிலியின் உட்பக்கத்தில் உள்ள வளையும் கம்பியைச் சக்கரத்துக்குப் பின்னால் நுழைத்து, இரு முனைகளையும் மேலே கொண்டுவந்து பூட்டுங்கள். பூட்டிய கம்பியை டயரின் பின்பக்கத்துக்கு முழுக்கத் தள்ளிவிட வேண்டும். இதை அரைகுறையாக விட்டால் மற்றதெல்லாம் வீண். பிறகு முன்பக்கக் கொக்கியை மாட்டி, இறுக்குவதற்கென்றே உள்ள இழுவைச் சங்கிலியை இழுத்து இறுக்கி, மீதி நுனியைக் கட்டிவிடுங்கள். தொங்கும் நுனி சுழலும்போது பிரேக் குழாயை அடிக்கும்.

நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள். சக்கரம் சுற்றிய பிறகுதான் சங்கிலி தன் இடத்தில் உட்காரும். இந்த இரண்டாவது இறுக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், சங்கிலி கழன்று வருவதற்கு அதுவே முக்கியக் காரணம். பிறகு 40 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டுங்கள். ‘டக் டக்’ என்று ஒரே சீராகத் தட்டினால் உடனே நிறுத்திப் பாருங்கள்: கொக்கி கழன்றிருக்கும், இல்லை கண்ணி அறுந்திருக்கும். முன்சக்கரத்தில் மட்டும் சங்கிலி இருக்கும்போது இறக்கத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு திரும்பும். கியரைக் குறைத்தே இறங்குங்கள்.

முன்டயர் பங்சரானால், மெலிந்த அவசர டயரில் சங்கிலி போடக்கூடாது. பின்பக்க முழு டயரை முன்னால் மாற்றி, மெலிந்ததைப் பின்னால் போடுங்கள்.

பனி தீர்ந்து கறுப்புத் தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள், காய்ந்த தாரில் கண்ணி சீக்கிரம் தேய்ந்து அறும். அன்றிரவே வெந்நீரில் கழுவி, காயவைத்துப் பையில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் துருவேறி, அடுத்த தடவை கொக்கி நகராது.